ஏர்பேக் மூடியின் மேல்

புது கார் வாங்கினால் எங்கள் ஆட்கள் அதை நேரே வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஷோரூமிலிருந்து பெங்களூர் விவேக் நகரில் இருக்கும் எங்கள் குழந்தை இயேசு கோயிலுக்குத்தான் முதலில் வரும். ஃபாதர் வந்து நான்கு கதவையும் திறக்கச் சொல்லி, ஜெபம் சொல்லி, உள்ளே தீர்த்தம் தெளிப்பார். அதன்பின் வெளியே இருக்கும் கடைகளில் ஒன்றில் குழந்தை இயேசு சிலை வாங்கி டேஷ்போர்டில் ஒட்டினால்தான் அது எங்கள் வண்டி. நம்பர் பிளேட் கூட அதற்கு அப்புறம்தான்.

என் தங்கையும் அவள் கணவரும் ஜோகுபாளையத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முதல் கார் வாங்கியபோதும் இப்படித்தான் நடந்தது. சிலையைத் தேர்ந்தெடுத்தவள் தங்கை. ஒரு சாண் உயரம், பிளாஸ்டரில் செய்தது, சிவப்பு அங்கி, தலையில் தங்க நிறம் பூசிய கிரீடம். ஒட்டியவர் அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை. அவர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். சுவரில் காலண்டர் மாட்டினாலும் ஸ்கேல் வைத்து அளப்பார். அன்றைக்கும் டேஷ்போர்டைக் கைக்குட்டையால் துடைத்தார். இடது சீட்டுக்கு எதிரே ஏர்பேக் என்ற எழுத்து புடைத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நட்டநடுவே, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை மடித்து மடித்துப் போட்டு, சிலையை வைத்துக் கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்தினார்.

“இங்கதான் மச்சான் சமமா இருக்கு. இனிமே என்ன பிரேக் அடிச்சாலும் ஆடாது” என்றார்.

பிரேக் அடித்து அது ஆடவில்லைதான். அந்த எழுத்து எதற்காக அங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏர்பேக் என்றால் தலையணை மாதிரி ஏதோ ஒன்று வந்து மெத்தென்று தாங்கும், அவ்வளவுதான் எங்கள் அறிவு. ஷோரூமில் விற்றவன் ஆறு ஏர்பேக் என்று சொன்னபோது ஆறு தலையணை இனாமாகக் கிடைத்த மாதிரி எல்லோரும் சிரித்தோம்.

சீட் பெல்ட் விஷயத்திலும் நாங்கள் இதே லட்சணம்தான். பெங்களூரில் பெல்ட் என்பது சிக்னலில் நிற்கும் போலீசுக்காகவும், கம்பத்தில் இருக்கும் கேமராவுக்காகவும் போடுவது. அதிலும் பட்டுப் புடவை கட்டிய பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தனி வித்தை உண்டு. பெல்ட்டை இழுத்து, சீட்டின் முதுகோடு ஒட்டி, முதலில் க்ளிப்பை மாட்டிவிடுவார்கள். பிறகு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வார்கள். மடிப்பு கசங்காது, தோளில் குத்திய ஊக்கு பிடுங்கிக்கொள்ளாது. மாட்டாமல் விட்டால் கீங் கீங் என்று உயிரை வாங்கும் சத்தமும் வராது. க்ளிப் மாட்டியிருக்கிறது, ஆள் பத்திரமாக இருக்கிறாள் என்று கார் நம்பிவிடும். என் தங்கை கல்யாணம், திருவிழா என்றால் இப்படித்தான் போவாள். மற்ற நாட்களில் ஒழுங்காகப் போடுவாள்.

சித்தி மகனுக்கு ஓசூரில் கல்யாணம் வந்தது. நான் பஸ் பிடித்து முதல் நாளே போய்விட்டேன். தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் காரில் கிளம்பினார்கள். அவர்கள் மகளுக்கு அன்று காலேஜில் பரீட்சை இருந்ததால் அவள் வரவில்லை. அதற்காக நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அத்திபெலே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், டோல்கேட்டுக்காக வண்டிகள் நிற்க ஆரம்பித்திருந்தன. முன்னால் போன டெம்போ சட்டென்று நின்றது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். நிற்கவில்லை, போய் இடித்தது. இதை அவர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் ஓசூர் கோயில் வாசலில் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

“மச்சான், வண்டி மோதிடுச்சு. அவ முகம்... முகத்துல... சீக்கிரம் வாங்க மச்சான்.”

சொந்தக்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் ஏறிப் போனேன். தங்கை ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைக்கார அம்மா ஒரு துண்டை மடித்து அவள் முகத்தில் அழுத்திப் பிடித்திருந்தார். மாம்பழ நிறப் பட்டு, முன்பக்கம் முழுவதும் ரத்தம். அதன்மேல் மாவு தெளித்ததுபோல் வெள்ளைத் தூள். காரிலிருந்து பட்டாசு வெடித்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு வேறு எதுவும் இல்லை. என் குரலைக் கேட்டதும் தங்கை கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தாள்.

“அண்ணா, என் கண்ணு இருக்கா பாரு. பாத்து சொல்லு.”

துண்டை விலக்கிப் பார்த்தேன். “இருக்கும்மா, இருக்கு” என்றேன். அந்த இடத்தில் நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள், நானும் அதையே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

கண்ணைக் காப்பாற்ற இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். முடியவில்லை. இன்னொரு கண்ணுக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். தாடையில் விரிசல், மேல்வரிசையில் பற்கள் போயின. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விழித்ததும் முதலில் கேட்டது, ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கரும்பலகையில் நேராக எழுத முடியுமா என்பதுதான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே காரைப் பார்க்க ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளையால் போக முடியவில்லை, நான் போனேன். வெளியிலிருந்து பார்த்தால் பானெட் மடங்கியிருந்தது, அவ்வளவுதான். இந்த அடிக்கா ஒரு கண் போனது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏர்பேக் சரியான நேரத்தில் விரியவில்லை, மட்டமான பொருளை வைத்து எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று வாசலிலேயே கத்தினேன். அங்கே பொறுப்பில் இருந்த பெண் என்ஜினியர் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு இடது கதவைத் திறந்தாள்.

“முன்னாடி உக்காந்தவங்க பெல்ட் போட்டிருந்தாங்களா சார்?”

“க்ளிப் மாட்டித்தானே இருக்கு, தெரியலையா?”

அவள் பெல்ட்டை இழுத்துக் காட்டினாள். அது வரவில்லை. சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றுபோயிருந்தது.

“மோதின உடனே இது தானா சுருக்குனு இழுக்கும் சார். ஆளை சீட்டோட சேத்துப் பிடிச்சு வெக்கும். இங்க அது கரெக்டா இழுத்திருக்கு. ஆனா ஆள் மேல இல்ல, வெறும் சீட்டு மேல. உங்க சிஸ்டர் பெல்ட்டுக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க.”

அவள் சொன்னதை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஏர்பேக் தனியாக வேலை செய்கிற பொருள் இல்லை. பெரிய வேலை பெல்ட்டினுடையது. அது உடம்பைப் பின்னால் பிடித்து நிறுத்தினால்தான் பை முழுதாக ஊதி விரிவதற்கு இடமும் நேரமும் கிடைக்கும். அப்புறம் முகம் வந்து அதில் பதியும், பை உடனே காற்றை விட்டுத் தளரும். பெல்ட் இல்லாத உடம்போ பிரேக் அடித்ததுமே முன்னால் சரிய ஆரம்பித்துவிடுகிறது. மோதும்போது முகம் டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் போயிருக்கும். பை மெதுவாக எழுந்து வருவதில்லை, கண் இமைப்பதற்குள் வெடித்துக்கொண்டு வருகிறது. வெடிக்கிற இடத்திலேயே முகத்தைக் கொண்டுபோய் வைத்தால் அது தலையணை இல்லை, குத்து. மாப்பிள்ளை பெல்ட்டை முறையாகப் போட்டிருந்தார். தோளிலிருந்து இடுப்புவரை நாவல்பழ நிறத்தில் கன்றிப்போன ஒரு தடம், அதோடு சரி. ஒரே கார், ஒரே மோதல், பக்கத்துப் பக்கத்து சீட்டு.

அவள் அத்தோடு விடவில்லை. டேஷ்போர்டில் கிழிந்து திறந்திருந்த மூடியைத் தூக்கிப் பிடித்தாள். அதன் நடுவில் டேப் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. டேப்போடு ஒரு பிளாஸ்டர் பாதம்.

“இது மேல ஏதோ ஒட்டியிருந்தீங்களா? இந்த மூடிதான் சார் கிழிஞ்சு திறக்கும். இது மேல எது இருந்தாலும் நேரா எதிர்ல இருக்கறவங்க மூஞ்சிக்குத்தான் போகும். பை அடிச்சா மூக்கு உடையும், பல்லு போகும். கண்ணு போறது...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

கீழே மிதியடியில் சிவப்புத் துண்டுகள் கிடந்தன. தலைப்பகுதி மட்டும் எங்கும் இல்லை. நான் மண்டியிட்டு சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன். எதற்குத் தேடினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அன்று மாலையே ஆஸ்பத்திரி கேன்டீனில் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தோணிச்சு மச்சான். மோதின அன்னிக்கே தோணிச்சு. அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் அங்க ஒட்டினதாலதான் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா அவ என் மூஞ்சில முழிப்பாளா?”

அழுதார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வேண்டுமென்றா செய்தார்? எந்த எச்சரிக்கையும் படிக்காத அறியாமை, அது எல்லோருக்கும் பொதுவானது. அவள் தேறும்வரை எதையும் சொல்லிக் கலக்க வேண்டாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். தேறியதும் நீங்களே சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

தங்கை தன் பங்கை யாரிடமும் மறைக்கவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவளே ஆரம்பிப்பாள். “புடவை கசங்கிடும்னு பெல்ட்டை முதுகுக்குப் பின்னால போட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். நீங்க யாரும் அப்படிப் பண்ணாதீங்க” என்பாள். தைத்த வாயால் அதைச் சொல்வது பார்க்கச் சகிக்காது. வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு யாராவது ஒருவர், உயிராவது மிஞ்சியதே, குழந்தை இயேசு காப்பாற்றினார் என்பார்கள். ஓர் அத்தை ஒரு படி மேலே போனார். “சிலை சுக்குநூறாப் போச்சாமே. உனக்கு வந்ததை அவர் வாங்கிக்கிட்டாரு பாரு” என்றார். தங்கை தலையைத் திருப்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவர், “ஆமா அத்தை, அதேதான், அவர்தான் காப்பாத்தினாரு” என்று முந்திக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு அவரை அங்கேயே ஓர் அறை விடலாம் போலிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாதங்கள் போயின. செயற்கைக் கண் வைத்தார்கள். வேலைக்குத் திரும்பினாள். படி இறங்கும்போது மட்டும் காலால் தடவித் தடவி இறங்குவாள். ஆட்டோவில் போய்வருவது அவளுக்குத் தலைசுற்றலாக இருந்ததால் இன்னொரு கார் வாங்குவது என்று முடிவாயிற்று. ஆனால் முன் சீட்டில் உட்கார முடியாது, நினைத்தாலே வேர்க்கிறது என்றாள். அவள் பின்னால், மகள் முன்னால் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மகள் அப்போது பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ. அம்மாவுக்குக் கண் போனதிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பெல்ட்டைத் தேடுகிற பெண்.

“பழைய வண்டியில இருந்த மாதிரியே ஒரு சிலை வாங்கி, அதே இடத்துல ஒட்டணும்” என்று தங்கை ஒருநாள் என் எதிரில் சொன்னாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவர்கள் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். “இனிமே இது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம் இல்ல மாப்ள. அந்த சீட்டுல உக்காரப் போறது உங்க பொண்ணு. வண்டி கைக்கு வர்றதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்.”

“சொல்றேன் மச்சான். சத்தியமா சொல்றேன்.”

அடுத்த வாரம் கேட்டேன், அவளுக்கு ஜுரம் என்றார். அதற்கடுத்து, ஸ்கூலில் டென்ஷனாக இருக்கிறாள் என்றார். பிறகு என் போனை எடுப்பதை விட்டுவிட்டார். டெலிவரி என்றைக்கு என்பதே தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை. குழந்தை இயேசு நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டம் என்பதால் கோயில் வளாகத்தில் கால் வைக்க இடமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைக் காரின் நான்கு கதவும் திறந்திருந்தன, ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். சாவியையும் மந்திரிக்க வேண்டும் என்று தங்கை அதைக் கையில் ஏந்தி நின்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினார். சொல்லவில்லை என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்துவிட்டது.

ஃபாதர் போனதும் மகள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்துக்கொண்டாள். தங்கை பையிலிருந்து சிலையை எடுத்தாள். அதே உயரம், அதே சிவப்பு அங்கி. மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

“ஒட்டுங்க.”

“கண்ணாடிகிட்ட, ஓரமா வெக்கலாமே?” என்றார் அவர்.

“இல்ல. அதே இடத்துல.”

“சின்னதா ஒரு படம் வாங்கித் தொங்க விட்டா நல்லா இருக்கும்...”

“ஏன், இந்த இடத்துக்கு என்ன?”

இப்போது சொல்வார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் மகளைப் பார்த்தார், எழுத்து புடைத்திருந்த அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார். பல்லால் கடித்து டேப்பைக் கிழித்தார். பாய்ந்து போய் அவர் கையிலிருந்த சிலையைப் பிடுங்கினேன்.

“போதும்! நீ கேளும்மா, நான் சொல்றேன். அன்னிக்கு உன் கண்ணை...”

“நீ சொல்லாதே அண்ணா” என்றாள் தங்கை. சத்தம் போடவில்லை. “எனக்குத் தெரியும்.”

மாப்பிள்ளையின் கை டேஷ்போர்டின் மேலேயே நின்றுவிட்டது.

“கண்ணுலேருந்து எடுத்ததை, நான் பிடிவாதமா கேட்டதால, டாக்டர் எனக்குத்தான் காட்டினாரு. தங்கக் கலர்ல இத்தனூண்டு துண்டு. கிரீடம்னு பாத்த உடனே தெரிஞ்சுது. ஒட்டினது யாருன்னும் எனக்குத் தெரியாதா?” மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினாள். “தெரியாமப் பண்ணினீங்க. நானும்தான் தெரியாமப் பெல்ட்டைப் பின்னால போட்டேன். நான் ஊர் பூரா சொன்னேன். நீங்களும் வந்து சொல்லுவீங்க, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதுட்டு விட்டுடலாம்னு காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க என்னடான்னா சாமி காப்பாத்தினாருன்னு வர்றவங்ககிட்டல்லாம் தலையாட்டினீங்க.”

“ஏய், நான் வந்து... எப்படிச் சொல்றதுன்னு...”

“அதையும் பொறுத்துக்கிட்டேன். என் கண்ணுதானே, போனது போச்சு. இன்னிக்காவது, பொண்ணு உக்கார்ற இடமாச்சேன்னு வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன். டேப்பைக் கிழிச்சீங்களே. எப்படிங்க கிழிச்சீங்க?” சாவியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். “சிலை அங்க இருந்தா சாவியைத் தர மாட்டேன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதே, அப்புறமும் ஒட்டப் போனீங்களே?”

நவநாள் ஜெபம் ஒலிபெருக்கியில் தமிழில் முடிந்து கன்னடத்தில் ஆரம்பித்திருந்தது. மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போன இரண்டு பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மகளைப் பெற்றவளே இப்படியொரு சோதனை வைக்கலாமா என்று எனக்கு அவள்மேலும் ஒரு கணம் கோபம் வந்தது. ஆனால் அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததைப் பார்த்ததும் அந்தக் கோபம் நிற்கவில்லை.

“நீ ஓட்டு அண்ணா” என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தங்கை பின்னால் ஏறிக்கொண்டாள். பெல்ட்டைப் புடவைக்கு மேலேயே குறுக்காக இழுத்து மாட்டினாள். பக்கத்தில் இன்னொரு சீட் காலியாக இருந்தது. மாப்பிள்ளை அந்தக் கதவின் பிடியில் கை வைத்தார்.

முன் சீட்டிலிருந்த மகள் பின்னால் திரும்பி அவரைப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

“அப்பா, நீங்க ஆட்டோல வந்துடுங்க.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.